நீல டப்பாவில் எட்டு போன்கள்

அந்த நீல பிஸ்கட் டப்பா என்னுடையதுதான். என் பெண் மாதவி போன வருஷம் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. பிஸ்கட் தீர்ந்ததும் என் மனைவி சுப்புலக்ஷ்மி அதில் உளுத்தம்பருப்பைக் கொட்டி வைத்திருந்தாள். நான்தான் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, நம் வட்டத்துக்கு எடுத்து வந்தேன். டப்பா யாருடையது என்பதில் பின்னால் குழப்பம் வரக் கூடாது; அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

குருமூர்த்தி, வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் நடந்ததை எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காகிதம் உங்களிடமிருந்து ஹரிஷங்கருக்கும், அவன் நினைத்தால் போலீஸுக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே நம்மை அறியாதவர்கள் படிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த சமாசாரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன் நான். ஒரு மரணத்தைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் எட்டுப் பேர். டாக்குரியாவில் விஸ்வநாதன் வீட்டுக் கீழ்த்தளத்து அறையில் கூடுகிறோம். ஊர் முழுக்க மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று அடித்துக்கொள்ளும். நமக்கு ஐரோப்பாக் கால்பந்துக் கிளப்புகளின் கோப்பைதான் பைத்தியம். கடைசிப் பதினாறு அணிகளில் யாருக்கு யார் என்று அங்கே குலுக்கி முடித்த மறுநாள், இங்கே நமக்கு ஒரு குலுக்கல். எட்டு மோதல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டம், அணிக்கு ஒரு மைதானம்; எட்டுச் சீட்டு, ஆளுக்கு ஒன்று. கையில் வந்த மோதலைப் பற்றி ஒரு வாரம் படித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் பேச வேண்டும். யார் ஜெயிப்பார்கள், எப்படி, ஏன். எல்லாரும் பேசிய பிறகு கை தூக்கி ஓட்டு. ஜெயித்தவருடைய முன்னோட்டத்தைத் தட்டச்சு செய்து, ஃபைனல் முடியும்வரை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்போம். வேறு பரிசு கிடையாது. வெளியாள் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். முதல் ஆறு வருஷத்தில் ஐந்து தடவை அந்தப் பலகையில் இருந்தது என் தாள்.

பிறகு ஹரிஷங்கர் வந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி, பாபுபாகானில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட். நம் அறையிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. லேப்டாப்பை விரித்து, அம்புக்குறியும் வட்டமும் போட்டுக் காட்டி, எந்த இடத்திலிருந்து அடித்தால் எத்தனை சதவீதம் கோல் என்று சொல்வான். தமிழில் ஆரம்பித்து வங்காளியில் போய் இங்கிலீஷில் முடிப்பான். இரண்டு வருஷமும் அவன் தாள்தான் பலகையேறியது. அதுகூட எனக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது.

போன வருஷம் எனக்கு டார்ட்மண்ட் அணியின் மோதல் வந்தது. பேச்சின் நடுவில், அவர்கள் இந்தக் கோப்பையை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்று சொல்லிவிட்டேன். வாய் தவறியது. ஹரிஷங்கர் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: "தொண்ணூத்தேழுலே ஜெயிச்சிருக்கா, மாமா. அப்போ நேக்கு எட்டு வயசு. நேக்கே தெரியறதே."

ஏழு பேரும் சிரித்தீர்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள், குருமூர்த்தி. அன்றிலிருந்து எனக்குத் தொண்ணூத்தேழு மாமா என்று பெயர். கடியாஹாட் மார்க்கெட்டில் மீன் வாங்க வந்த ஒரு வங்காளி, நம் வட்டத்தோடு சம்பந்தமே இல்லாதவன், என்னைப் பார்த்து "நைன்ட்டிசெவன் காக்கு" என்றான். எப்படிப் போய்ச் சேர்ந்தது பாருங்கள். எனக்குக் கோபம் வந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஒரு வருஷம் காலையில் பல் தேய்க்கும்போதும், ராத்திரி மாத்திரை போடும்போதும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. ஒழுங்குமுறை கொண்டுவந்தேன்.

பேசுகிறவர் பேச்சை நம்பிப் பேச வேண்டும், கேட்கிறவர் காதால் கேட்க வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டீர்கள். கூட்டம் ஆரம்பிக்கும்போது எட்டு போனும் டப்பாவுக்குள். டப்பா உள்ளறையில், டீ போடுகிற மேடையின்மேல். லேப்டாப் பைகளும் அங்கேயே தரையில். முடிந்ததும் டப்பாவைத் திறந்து தருவது என் பொறுப்பு. ஹரிஷங்கர்கூட ஆட்சேபிக்கவில்லை. "பாலோ ஐடியா, மாமா" என்றான் வங்காளியில். ரொம்ப நல்ல யோசனையாம்.

இந்த வருஷம் குலுக்கலில் எனக்கு லிவர்பூலும் பாரிஸும் வந்தன. முப்பத்தாறு அணிகளில் முதலிடம் லிவர்பூல். பதினைந்தாவது இடத்தில் தட்டுத்தடுமாறி வந்தது பாரிஸ். ஹரிஷங்கர் லிவர்பூல் பக்தன். சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி, சிவப்பு டீ கப்பு. சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். மாட்டேன் என்றேன். ஒரு வாரம் படித்தேன். பாரிஸ் ஆடிய எல்லா ஆட்டத்தின் சுருக்கத்தையும் பார்த்தேன். பதினொரு பக்கம் எழுதினேன். எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பாரிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். மற்ற யாருக்கும் அது தெரியவில்லை. அறுபத்துநாலு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒன்று கிடைப்பது எத்தனை அபூர்வம் என்று நினைத்துப் பாருங்கள்.

மார்ச் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. நாலு மணிக்கு எல்லாரும் போனைப் போட்டீர்கள். நான் கடைசிப் பேச்சு. ஹரிஷங்கர் எனக்கு முன்னால் பேசி முடித்தான், கைதட்டல் வாங்கினான். அப்போது மணி ஐந்தரை. அவன் உட்காரும்போது என்னைப் பார்த்து, "பாரிஸா, மாமா? பாவம். லிவர்பூல் மூணு கோல்லே முடிச்சுடும். சுருக்கமாச் சொல்லுங்கோ, எல்லாரும் ஆத்துக்குப் போகணும்" என்றான். மறுபடியும் சிரிப்பு. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளறைக்குப் போனேன்.

இனி நடந்ததைப் பற்றி, பதினாலாம் தேதி உங்களிடம் வாயால் சொன்னது வேறு. டப்பா மூடியிருந்தது, எதுவும் காதில் விழவில்லை என்று சொன்னேன். அது சரியில்லை. தகர டப்பாவுக்குள் போன் அதிர்ந்தால் மேடையே அதிரும். ஆக, கேட்டது. திறந்து பார்த்தேன். ஹரிஷங்கரின் போன். திரையில் பூர்ணிமா என்று வந்தது. அதற்கு முன்னால் மூன்று தடவை அவளே கூப்பிட்டிருந்ததும் தெரிந்தது.

பூர்ணிமா ஹரிஷங்கரின் மனைவி. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காளிகாட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இந்த ஊர்க் குளிர்காலத்துப் புகையும் தூசியும் அவளுக்கு ஆகாது. பிப்ரவரி, மார்ச்சில் எப்போதும் கையில் மூச்சுக்கு உறிஞ்சுகிற பஃப் இருக்கும். சுப்புலக்ஷ்மியிடம் ரொம்ப ஒட்டுதல். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே அடுக்களைக்குப் போய்விடுவாள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் ஒருத்திதான் என்னை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதவள்.

போனை எடுத்தேன். இதைத்தான் நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பதிமூன்று நாள் காரியம் முடிந்து, ஹரிஷங்கர் தன் போனில் பழைய அழைப்புகளை வரிசையாகப் பார்த்திருக்கிறான். ஒரே ஒரு அழைப்பு மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது, ஐம்பத்திரண்டு விநாடி என்று இருக்கிறது. நான்தான் எடுத்தேன்.

"நான் வாஞ்சி மாமா பேசறேம்மா" என்றேன்.

"மாமா... அவரைக் கூப்பிடுங்கோ." இரண்டு வார்த்தைக்கு நடுவில் நீளமான மூச்சு. "பஃப் தீந்துபோயிடுத்து. புதுசு வாங்கிட்டார்... அவர் பையிலே இருக்கு. எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ."

"சரிம்மா, சொல்றேன்."

"சீக்கிரம், மாமா."

இவ்வளவுதான் பேச்சு. ஐம்பத்திரண்டு விநாடி என்பது மூச்சுக்காக அவள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்து. போனைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினேன். டப்பாவுக்கு அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டேன், மேடை அதிராமல் இருக்க.

சொல்லக் கூடாது என்று நான் அப்போது நினைக்கவில்லை. பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இதை உடனே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹரிஷங்கர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். விஸ்வநாதன் பின்னாலேயே ஓடுவார். நீங்கள் எல்லாரும் வாசலில் நின்று கவலைப்படுவீர்கள். கூட்டம் கலையும். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். புதன்கிழமை முதல் ஆட்டம். இன்னொரு சனிக்கிழமை எங்கே இருக்கிறது? என் பதினொரு பக்கமும் சட்டைப்பையிலேயே இருந்துவிடும். அவளுக்கு வருஷா வருஷம் இப்படி வரும், போகும். பத்து நிமிஷப் பேச்சு. அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கணக்கு நியாயமாகவே பட்டது.

பையில் உண்மையிலேயே மருந்து இருக்கிறதா என்ற சந்தேகம் வேறு வந்தது. இல்லாவிட்டால் சொல்லித்தான் என்ன பிரயோஜனம்? ஹரிஷங்கரின் கறுப்புப் பையைத் திறந்து பார்த்தேன். முன்பக்கத்து அறையிலேயே இருந்தது, மருந்துக் கடைக் கவரில், பில்லோடு. அன்று மத்தியானம் வாங்கியது. ஜிப்பை மூடினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே வந்தேன்.

அன்று நான் பேசியதை நீங்கள் கேட்டீர்கள். அதைப் பற்றி இன்றைக்கு யாரும் வாயே திறப்பதில்லை, இருந்தாலும் கேட்டீர்கள். ஜனவரியில் நேப்போலியிலிருந்து வந்த இடதுபக்கத்து ஆட்டக்காரன் வந்த பிறகு பாரிஸ் வேறு அணி என்று சொன்னேன். மான்செஸ்டர் சிட்டியிடம் இரண்டு கோல் பின்தங்கி, நாலு போட்டு ஜெயித்தவர்கள் என்று நினைவுபடுத்தினேன். முதல் ஆட்டத்தில் எதிர்பாராதது நடந்தாலும் பயப்பட வேண்டாம், லிவர்பூல் மைதானத்தில் இது பெனால்டிவரை போகும், அங்கே பாரிஸ் நிற்கும் என்றேன். விஸ்வநாதன் மணி அடித்தார். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. நான் பாதியில் இருந்தேன்.

அப்போது ஹரிஷங்கர் கையைத் தூக்கினான். "மாமாவுக்கு டைம் குடுங்கோ. நன்னா சொல்றார்" என்றான்.

அவனேதான் கொடுத்தான். சாட்சி ஏழு பேர். அவன் கொடுத்த நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவன் முன்வரிசையில் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன். அதை விட்டுவிட்டு எப்படி நிறுத்துவது?

ஓட்டில் எனக்கு ஐந்து கை. அதில் ஒன்று ஹரிஷங்கருடையது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மாமா, நீங்க சொன்னது தப்பாப் போகணும்னு வேண்டிக்கறேன். ஆனா பிரமாதம்" என்றான். அந்தச் சமயத்தில் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அத்தனை நேரம் கழித்துச் சொன்னால், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பான். அந்தக் கைகுலுக்கல் அப்படியே கெட்டுப்போகும். அதனால் முதலில் டீ குடிக்கலாம் என்றேன். அடுப்பைப் பற்றவைத்தது நான்தான். டீ கொதிக்கும்வரை டப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். துண்டு இருந்ததால் சத்தம் அவ்வளவாக இல்லை. பிறகு சத்தமே இல்லை.

ஆறு பதினாலுக்கு டப்பாவைத் திறந்தேன். ஹரிஷங்கர் போனைப் பார்த்தான். எடுக்காத அழைப்புகள் பத்து. கப்பைக் கீழே வைக்கக்கூட இல்லை, கையிலிருந்து விழுந்தது. அந்தச் சிவப்புக் கப்பு. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். நாம் எல்லாரும் பின்னால் போனோம், நானும்தான். எதிர் ஃப்ளாட் ஸ்மிதா பௌதி, நம் வழக்கில் மன்னி, அப்போதுதான் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து பூர்ணிமாவை மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். பூர்ணிமா கதவைத் திறந்துகொண்டு ஐந்து படி இறங்கியிருக்கிறாள். ஹரிஷங்கர் கவரைக் கிழித்து மருந்தை அவள் வாயில் வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். உறிஞ்ச அவளிடம் மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ சொன்னார். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதான்.

அவள் ஏன் வேறு யாரையும் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன், நியாயமான கேள்வி. ஆனால் கூப்பிட்டிருக்கிறாள். சுப்புலக்ஷ்மி அன்று காளிகாட் கோயில் கூட்டத்தில் இருந்தாள், பைக்குள் போன். ஐந்து நாற்பத்தொன்றுக்குப் பூர்ணிமாவிடமிருந்து ஒரு அழைப்பு. ராத்திரி அதைப் பார்த்துவிட்டு சுப்புலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஐம்பத்திரண்டு விநாடி விஷயம் தெரிந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைப்பாள், எதிரில் உட்கார மாட்டாள். மாதவியிடம் போனில் என்ன சொன்னாளோ, அவளும் கூப்பிடுவதில்லை.

விதிப்படிதானே நடந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. விதித் தாளைத் தட்டச்சு செய்தது நான், லேமினேட் செய்து ஒட்டியது நான். அதில் நான்காவது விதி இது: வீட்டிலிருந்து இரண்டாவது முறை அழைப்பு வந்தால், டப்பாவின் பொறுப்பாளர் பேச்சை நிறுத்திவிட்டு உரியவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். யாரும் கேட்காமலே நானாகச் சேர்த்த விதி. எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கிறது, இல்லையா? அதற்குக் கீழேதான், அந்தத் தாளுக்குக் கீழேதான், டப்பா இருந்தது.

ஆகவே கிளெய்ம் பிரிவில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். பூர்ணிமாவுக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும், கண்ணால் பார்த்தேன். புருஷன் பதினைந்தடி தூரத்தில் இருந்தான். வீடு நாலு நிமிஷ நடை. ஐந்து முப்பத்துமூன்றிலிருந்து ஆறு பதினாலுவரை, நாற்பத்தொரு நிமிஷம், தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். அவளைச் சாகவிட்டது நான். இதற்கு மேல் போலீஸுக்கு எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் போட்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். முதல் ஆட்டத்தில் பாரிஸ் முழுக்க ஆதிக்கம் செலுத்தி, கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. பன்னிரண்டாம் தேதி காலையில் எழுந்து பார்த்தேன். இரண்டாவது ஆட்டம் லிவர்பூல் மைதானத்தில் பெனால்டிவரை போய், நாலுக்கு ஒன்று, பாரிஸ். எனக்கு ஒருவர்கூட போன் செய்யவில்லை. பலகையிலிருந்து என் தாளை எடுத்துவிட்டதாக விஸ்வநாதன் சொன்னார். எடுத்தது உங்கள் அதிகாரம், நான் தடுக்க முடியாது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஹரிஷங்கரிடம் ஒரு தடவை காட்டுங்கள். அவன் நேர்மையானவன், அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்று ஒப்புக்கொள்வான்.